செல்ஃப் கிளீனிங்கில் சூடு மீறிய ஓவன்: திருநகர் சமையலறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரில், கேக்கும் நெய் பிஸ்கட்டும் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் ஒரு வீடு. மேற்குப் பார்த்த சமையலறை. மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் பொருத்திய 60 செ.மீ. மின்சார ஓவன், 71 லிட்டர், பைரோலிட்டிக் செல்ஃப் கிளீனிங் வகை, சிங்கிள் ஃபேஸ், 3.6 கிலோவாட். ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது. புகார் ஒரே வரிதான்: "கிளீனிங் போட்டா ஓவர்ஹீட் ஆகுது, பேக்கிங் நல்லாத்தான் இருக்கு."

ஆளை ஏமாற்றுவது அந்த வரியின் இரண்டாம் பாதி. கேக் ஒழுங்காக வெந்து வருகிறது என்றதும் ஓவனில் பெரிய குறை இருக்காது என்று தோன்றிவிடும். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓடும்போது சத்தமில்லாமல் பதுங்கிக் கிடக்கிற குறை, 480 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓடும்போதுதான் தலையைக் காட்டும். (இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவும் செல்சியஸ்.)

பைரோலிட்டிக் ஓவனில் சோப்பு, ஸ்பிரே எதுவும் கிடையாது. உள்ளறையை 470 முதல் 500 டிகிரி வரை ஏற்றி, ஒட்டிய நெய்யையும் சர்க்கரைப் பாகையும் கரித்துச் சாம்பலாக்குவதுதான் வேலை. சுமார் 300 டிகிரிக்குப் பக்கத்தில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆறும்வரை திறக்காது. உள்ளறையைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி போர்த்தியிருந்தாலும் 480 டிகிரிச் சூடு மெல்ல மெல்லக் கசிந்து மேலே ஏறத்தான் செய்யும். மேலே இருப்பதோ எலக்ட்ரானிக் போர்டு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல், உள்ளறையின் தலைக்கு மேல் படுக்கை வாட்டில் சுழலும் நீள உருளை வடிவ கூலிங் ஃபேன். பின்புறமும் பக்கவாட்டிலும் இருந்து காற்றை இழுத்துக் கதவுக்கு மேலே உள்ள நீளப் பிளவு வழியாக வெளியே தள்ளும்.

அதற்கு முன் நடந்தவை

முதலில் வந்த குறை, கிளீனிங் போட்டு 40 நிமிஷம் வாக்கில் சூடேறுவது நின்றுபோவது. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், கதவு பூட்டியே இருக்கும், திரையில் பிழைக் குறி வரும். ஒரு மணி நேரம் ஆறினதும் எல்லாம் பழையபடி. வந்த மெக்கானிக் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினார். மறுபடியும் அதே 40 நிமிஷம்.

இரண்டாவதாக வந்தவர் மேல்மூடியைக் கழற்றி, போர்டுக்குக் கீழே தகட்டில் இருந்த தெர்மல் கட்-அவுட்டைப் பார்த்தார். வில்லை மாதிரி சின்னதாக இருக்கும். அளவு மீறிச் சூடானால் உள்ளே உள்ள, இரண்டு உலோகம் ஒட்டிய பைமெட்டல் தகடு வளைந்து ஹீட்டர் லைனைத் துண்டிக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு வயர்த்துண்டால் சேர்த்துவிட்டு, "டைரக்ட் பண்ணிட்டேன்க்கா, இனிமே ட்ரிப் ஆகாது" என்று சொல்லிப் போய்விட்டார். சொன்னது உண்மை. ட்ரிப் ஆகவில்லை. அடுத்த கிளீனிங்கில் மேல் டிராயரின் அடிப்பக்க மைக்கா கொப்பளித்தது, முகப்புக் குமிழ்கள் கைவைக்க முடியாமல் கொதித்தன, திரை எழுத்து மங்கியது. அப்போதுதான் புகாரின் பெயர் 'நின்றுபோகிறது' என்பதிலிருந்து 'ஓவர்ஹீட்' என்று மாறியது.

எதையும் அளப்பதற்கு முன் செய்ய வேண்டியது அந்த டைரக்டைக் கழற்றுவதுதான். எம்சிபி-யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிய பிறகு பார்த்தால், போட்டிருந்தது வீட்டு வயரிங்குக்கான சாதாரண பிவிசி வயர். அதன் தோல் 70 டிகிரிக்கானது. இளகித் தகட்டில் ஒட்டியிருந்தது. இன்னும் இரண்டு கிளீனிங் ஓட்டியிருந்தால் ஃபேஸ் நேராக பாடியைத் தொட்டிருக்கும். வில்லையின் முதுகில் அச்சிட்ட டிகிரியைப் பார்த்து (இதில் 110) அதே அளவில் புதியது போடப்பட்டது. பழையதிலேயே கோளாறு இருக்கக்கூடாதா? இருக்கலாம், வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்த பைமெட்டல் சோர்ந்து, சொன்னதற்கு முன்பே திறப்பதும் உண்டு. புதியதும் 41-ஆம் நிமிஷம் திறந்ததால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வில்லை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

எது சூடானது?

ஓவர்ஹீட் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். உள்ளறை குறித்த அளவைத் தாண்டிப் போவது ஒன்று. உள்ளறை சரியாக இருந்து, போர்டு இருக்கும் மேல்பகுதி கொதிப்பது இன்னொன்று. ஓவன் சரியாக இருந்து அலமாரி வேகுவது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சொல்லில் மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாது, அளந்தாக வேண்டும்.

இரண்டு கே-வகை தெர்மோகப்பிள் (நுனியில் உள்ள சூட்டை அளக்கும் கம்பி). உள்ளறைக்கு 1.5 மி.மீ. தடிமனில் உலோக உறை போட்டது. மல்டிமீட்டரோடு இலவசமாக வரும், நுனியில் மணி போன்ற முடிச்சுள்ள தெர்மோகப்பிள் வயர் இதற்கு உதவாது. அதன் உறை பாதி வழியிலேயே உருகிவிடும். உறை போட்ட கம்பியைக் கதவு கேஸ்கெட்டின் (கதவிடுக்கில் சூடு கசியாமல் அடைக்கும் பட்டை) மேல்மூலையில் நுழைத்து, நுனி எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் நிற்கும்படி வைக்க வேண்டும். இரண்டாவது தெர்மோகப்பிள் கட்-அவுட் வில்லைக்குப் பக்கத்தில். தூரத்திலிருந்து குறிபார்க்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி இங்கே பிரயோஜனப்படாது. கதவைத் திறக்க முடியாது. கண்ணாடி வழியாகக் குறிபார்த்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கேக்குக்கு வைக்கும் 300 டிகிரி வட்ட தெர்மாமீட்டரை உள்ளே மறந்து வைத்துவிட்டுக் கிளீனிங் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஓவனை அலமாரியிலேயே வைத்து, சமையலறை 36 டிகிரியாக இருந்த பிற்பகலில் முதல் ஓட்டம். வில்லைப் பக்கம் 20 நிமிஷத்தில் 71, 30 நிமிஷத்தில் 90, 41-ஆம் நிமிஷம் 110. டிக் என்று திறந்தது. அந்த நொடியில் உள்ளறை எவ்வளவு? 431.

இந்த 431-தான் திறவுகோல். கிளீனிங்கின் இலக்கு 480. இலக்கையே இன்னும் எட்டாத உள்ளறை அளவு மீறியிருக்க வாய்ப்பில்லை. ஆக, முதல் மெக்கானிக் மாற்றிய சென்சாருக்கும் இந்த ட்ரிப்புக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சென்சாரை அளந்து பார்க்காமல் விடக்கூடாது. டைரக்ட் செய்த நாட்களில் உள்ளறை 480-ஐத் தாண்டிப் போனதா என்று யாருக்கும் தெரியாதே.

சென்சார்: பிழை எந்தப் பக்கம் சாயும்?

இதில் இருந்தது பிடி 1000 என்ற பிளாட்டினம் வகை. 0 டிகிரியில் 1000 ஓம். சூடு ஏற ஏற ஓம் ஏறும். போர்டிலிருந்து பிளக்கைக் கழற்றி, வயர் முனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். இராமுழுக்க ஆறிய ஓவனில், அறை 36 டிகிரி என்றால் 1140 ஓம் வரவேண்டும், வந்தது 1141. ஓவனை 250-இல் வைத்து அரை மணி நேரம் நிலைத்த பிறகு மின்சாரத்தை அணைத்து உடனே அளந்தால் 1941-க்குப் பக்கத்தில் வரவேண்டும், வந்தது 1936. கழற்றி வைப்பதற்குள் ஒன்றிரண்டு டிகிரி ஆறியிருக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் சரி. 480-க்கு உரியது 2743 ஓம். வெளியே வைத்து ஓட்டியபோது உள்ளறை தெர்மோகப்பிள் 478 காட்டியது. சென்சார் தேறியது.

சர்வீஸ் ஆட்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே உண்டு. "சென்சார் கனெக்டர்ல களிம்பு, அதான் ஓவர்ஹீட்" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. களிம்பு ஏறிய இணைப்பு ஓமைக் கூட்டும். ஓம் கூடினால் போர்டு 'உள்ளே ஏற்கெனவே சூடு அதிகம்' என்று நினைத்து ஹீட்டரைச் சீக்கிரம் அணைத்துவிடும். விளைவு கேக் வேகாமல் போவதுதான், கருகுவது அல்ல. பிடி வகை சென்சாரில் ஓவன் அளவு மீறிச் சூடாக வேண்டுமானால் ஓம் குறைந்தாக வேண்டும். குறைவது எப்படி? சென்சார் வயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று கசியும்போது. வயர் உறை கருகிக் கரி படிந்தாலோ, சென்சார் தண்டுக்குள் உள்ள மின்காப்புப் பொடி சூட்டில் வலுவிழந்தாலோ இரண்டு வயருக்கும் நடுவே ஒரு கள்ளப்பாதை உண்டாகிவிடும்.

கணக்குப் போட்டால் இதன் குணம் தெளிவாகத் தெரியும். கசிவு 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் 1117 இருக்க வேண்டிய இடத்தில் 1092 காட்டும். பிழை ஆறு டிகிரிதான், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 250 வைத்தால் உண்மையில் 272-க்குப் போகும். பிஸ்கட் கொஞ்சம் கூடச் சிவக்கும், அவ்வளவே. கிளீனிங்கில் 480 என்று போர்டு நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே 528. ஒரே கசிவு, சூடு கூடக் கூட வட்டியோடு வளர்கிறது. அதனால் ஆறிய ஓவனில் மட்டும் சென்சாரை அளந்து 'ஓகே' சொல்வது பாதி வேலைதான். 250-இலும் ஒரு தடவை அளக்க வேண்டும்.

ரிலே

போர்டில் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. உள்ளறை நிஜமாகவே எகிறும் கோளாறுகளில் இதுதான் மோசமானது. அந்த நேரத்தில் காப்பாற்ற மிஞ்சியிருப்பது தெர்மல் கட்-அவுட் ஒன்றுதான். டைரக்ட் செய்த ஓவனில் அதுவும் இல்லை.

சோதிப்பது சுலபம். வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் வயரில் மட்டும் மாட்ட வேண்டும். மூன்று வயரும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து பூஜ்யம் காட்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதில் அடிக்கடி தடுக்கி விழுவார்கள். இந்த ஓவனில் ஹீட்டர் எரியும்போது 13.6 ஆம்பியர், அணையும்போது 0.2. அந்த 0.2 ஃபேனுக்கும் போர்டுக்கும் உரியது. 478-ஐ எட்டிய பின் அரை மணி நேரம் பார்த்ததில் எரிவதும் அணைவதும் ஒழுங்காக மாறி மாறி நடந்தது. ஒரு தடவை கூட மாட்டவில்லை.

வோல்டேஜ் ஏறியதால்தான் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். வோல்டேஜ் ஏறினால் ஹீட்டர் வாட்ஸ் ஏறுவது நிஜம். 230-க்குப் பதில் 250 வந்தால் 18 சதவீதம் கூடும். ஆனாலும் சென்சார் சொன்ன இடத்தில் போர்டு அணைத்துவிடும். சீக்கிரம் ஏறுமே தவிர மேலே போகாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது குறைந்த வோல்டேஜுக்கு. அது ஃபேனை மெதுவாக்கும்.

ஃபேனும் அலமாரியும்

அலமாரியில் இருக்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தினத்தாளிலிருந்து ஒரு விரல் அகலக் கீற்றைக் கிழித்து, கதவுக்கு மேலே உள்ள பிளவின் முன்னால் பிடிப்பது. நல்ல ஃபேன் என்றால் கீற்று படபடத்து முன்னால் தூக்கும். இங்கே இடது பாதியில் லேசாக அசைந்தது, வலது பாதியில் தொங்கியே கிடந்தது.

ஓவனை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். 40 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். கதவைக் கழற்றிவிட்டால் எடை குறையும், கண்ணாடிக்கும் பத்திரம். மேல்மூடியைத் திறந்தால் ஃபேனின் மெல்லிய இதழ்களுக்கு நடுவே மைதாவும் ஐசிங் சர்க்கரையும் நெய் ஆவியும் சேர்ந்து சுண்டிய பாகு மாதிரி அடைத்திருந்தது. பேக்கிங் தொழில் நடக்கும் வீட்டில் இது எதிர்பார்க்க வேண்டியது. ஃபேன் இழுக்கும் காற்றில் மாவு பறக்கத்தான் செய்யும். கையால் சுற்றிவிட்டால் நல்ல ஃபேன் பல சுற்று சுற்றி நிற்கும். இது முக்கால் சுற்றில் நின்றது. ஷேடட் போல் என்ற எளிய வகை மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்து, ஊறியிருந்த எண்ணெய் பிசினாகியிருந்தது. டாகோமீட்டரில் நிமிஷத்துக்கு 1,050 சுற்று. பின்னால் போட்ட புதிய ஃபேன் அதே வோல்டேஜில் 1,900.

பெரும்பாலான சர்வீஸ் இந்த இடத்தில் முடிந்துவிடும்: ஃபேனை மாற்று, பில்லைக் கொடு, கிளம்பு. அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எண் கிடைத்தது. அதற்குக் காரணம் அலமாரி.

ஓவனை இழுத்ததும் தெரிந்தது, பின்பக்கம் முழுக்க பிளைவுட் அடித்து மூடியிருந்தது. அடித்தட்டிலும் காற்று வழி இல்லை. விசாரித்ததில் காரணம் வெளியே வந்தது: கரப்பானும் பல்லியும் வருகிறது என்று வீட்டு மாமியார் சொல்ல, ஆசாரி சந்தெல்லாம் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். மதுரைப் பக்கம் மாடுலர் கிச்சன் வேலையில் இது அடிக்கடி காணக் கிடைப்பது. கரப்பான் பயம் நியாயமானதுதான். காற்று போக வழியில்லாதபோது ஃபேன் எங்கிருந்து இழுக்கும்? முன்னால் தான் ஊதிய சூடான காற்றையே பக்கச் சந்து வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஃபேன், அலமாரி, இரண்டில் யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க நான்கு ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் ஆறவிட்டு, அறை 35 முதல் 37 டிகிரிக்குள் இருக்கும் நேரத்தில். பழைய ஃபேன், மூடிய அலமாரி: 110, ட்ரிப். பழைய ஃபேன், ஓவனை வெளியே கல்மேடையில் வைத்து: உச்சம் 101, ட்ரிப் இல்லை. புதிய ஃபேன், மூடிய அலமாரி: 93. புதிய ஃபேன், பின்பலகை திறந்த அலமாரி: 78.

இந்த 93-ஐத்தான் கவனிக்க வேண்டும். ட்ரிப் ஆகாது, வாடிக்கையாளருக்குத் திருப்தி, ஓவனும் ஓடும். போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பொதுவாக 105 டிகிரிக்கு என்று முத்திரை போட்டவை. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் நெடுநாள் கணக்கு. 78-க்கும் 93-க்கும் உள்ள பதினைந்து டிகிரியில் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் சுருங்கிவிடும். ஃபேனில் மறுபடி மாவு ஏற ஏற அந்த 93 மெல்ல 110-ஐ நோக்கி நகரும். இரண்டு வருஷத்தில் வேறொரு மெக்கானிக் வந்து வேறொரு சென்சாரை மாற்றுவார்.

வெளியே வைத்த ஓட்டத்தில் 101 வந்ததும் இன்னொன்றைச் சொல்கிறது. ஆசாரி மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை.

கேஸ்கெட்

78 நல்ல எண்தான். ஆனாலும் மேல் இடது மூலையில் முகப்புப் பலகை மற்ற இடத்தைவிடச் சுட்டது. ஆறிய ஓவனில் கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி, சுற்றிலும் ஒவ்வொரு இடமாக இழுத்துப் பார்த்தால், எங்கே பிடிப்பு இல்லையோ அங்கே நழுவி வரும். மேல் இடது மூலையில் நழுவியது. கண்ணாடி இழையால் பின்னிய கேஸ்கெட்டை ஸ்டீல் ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். இழை அறுந்து, மூலைக் கொக்கி துளையை விட்டு வெளியே வந்திருந்தது. பைரோலிட்டிக் ஓவனில் கேஸ்கெட்டைத் தேய்க்கவே கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அதுவாகச் சுத்தமாகாத இடம் என்பதால்தான் எல்லோருக்கும் அதைத் தேய்க்கக் கை பரபரக்கிறது. புதிய கேஸ்கெட் போட்டதும் வில்லைப் பக்கம் 72.

செய்த வேலை

ஃபேனை அசல் பாகமாகவே வரவழைக்க ஒன்பது நாள் ஆயிற்று. டவுன்ஹால் ரோடு பக்கம் தேடினால் இதே உருவத்தில் மோட்டார் கிடைக்காமல் இல்லை. போடுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். சுழலும் திசை: இந்த வகை ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று பேருக்குத்தான் வரும். உருளையின் நீளமும் மோட்டார் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும். வைண்டிங் சூடு தாங்குவதில் எந்த வகுப்பு: எஃப் என்றால் 155 டிகிரி, ஹெச் என்றால் 180. டேபிள் ஃபேன் மோட்டாரைத் திருத்திப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட வேண்டும்.

கட்-அவுட்டுக்குப் போகும் கருகிய வயர்கள் கண்ணாடி இழை உறை போட்ட வயராக மாற்றப்பட்டன. வயர் முனையில் வரும் லக்குகள் அழுத்தி இறுக்கி கிரிம்ப் செய்யப்பட்டவை. இந்த இடத்தில் ஈயப்பற்று வைக்கக்கூடாது. சாதாரணச் சால்டர் 183 டிகிரியில் இளகிவிடும், அதற்கு வெகு முன்பே தளர்ந்து இணைப்பு சூடாகத் தொடங்கும். போர்டில் ரிலேயின் கால்களைச் சுற்றி மெல்லிய வளைய விரிசல் இரண்டு தெரிந்தது. டைரக்ட் செய்து ஓட்டிய நாட்களின் வரவாக இருக்கலாம். அவை மட்டும் புதிதாகச் சால்டர் செய்யப்பட்டன.

அலமாரியில் பின்பலகை முழுவதையும் எடுத்து, சுவருக்கும் ஓவனுக்கும் நடுவே 45 மி.மீ. விடப்பட்டது. அடித்தட்டின் பின்விளிம்பில் அகலவாக்கில் ஒரு வெட்டு. கீழே காலடிப் பலகையில் காற்று உள்ளே வர ஒரு ஜன்னல். கரப்பான் கவலைக்கு அந்த ஜன்னலில் 3 மி.மீ. துளை போட்ட ஸ்டீல் தகடு. கொசுவலை அடிக்கச் சொன்னார்கள், வேண்டாம் என்றானது. மைதா பறக்கிற வீட்டில் கொசுவலை ஆறு மாதத்தில் சுவராகிவிடும். குட்டிக் கரப்பான் 3 மி.மீ. துளையிலும் நுழையும் என்று மாமியார் சொன்னார். அதை மறுக்க முடியவில்லை. ஜெல் மருந்து வைத்துக்கொள்வதாக முடிவு.

மேல் டிராயரில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் வேறு இடம் போயின. பைரோலிட்டிக் ஓவன் வைக்கும் அலமாரி சுமார் 90 டிகிரி வரை தாங்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்பது வழக்கம். மைக்காவைவிட அதை ஒட்டிய பசைதான் முதலில் விடும். கொப்பளம் வந்தது அதனால்தான்.

ஓட்டும் முறையில் மாறியவை

கிளீனிங்குக்கு முன் தேங்கிய நெய்யையும் பாகையும் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட வேண்டும். 'அதுவே சுத்தம் பண்ணிக்கும்' என்று அப்படியே விட்டால் அந்த நெய் உள்ளே எரிந்து தன் பங்குக்கும் சூட்டைக் கொடுக்கும்; அது ஹீட்டர் தரும் சூடல்ல, போர்டு அணைத்தாலும் அணையாது. தீப்பிடித்தால் கதவைத் திறக்க முயலாமல் எம்சிபி-யை இறக்கிவிட்டு விலகி நிற்பதே சரி. கம்பித் தட்டுகள், அலுமினியத் தாள், தட்டு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. அடியில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் எனாமலைக் கெடுக்கும். கூண்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் வேறு அறைக்கு மாற்ற வேண்டும். அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது.

நேரமும் முக்கியம். அக்னி நட்சத்திரப் பகலில் 37 டிகிரி சமையலறைக்கும் விடிகாலை 29 டிகிரிக்கும் உள்ள எட்டு டிகிரி, ஏறக்குறைய அப்படியே போர்டின் மேல் வந்து உட்காரும். அதனால் கிளீனிங் விடிகாலையில். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் இந்த வீட்டில் 206 வோல்ட் வரை இறங்கியது. அந்த நேரமும் வேண்டாம்.

இதைவிட மோசம் நடுவில் கரண்ட் போவது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்தடை என்று மின்வாரியம் முன்கூட்டியே பகுதிவாரியாக அறிவிப்பது மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. 480 டிகிரியில் ஓவன் இருக்கும்போது கரண்ட் போனால் ஹீட்டர் அணைவது நல்லதுதான். கூடவே ஃபேனும் நின்றுவிடும். உள்ளே தேங்கிய சூட்டுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்வெர்ட்டர் லைனில் ஓவனை யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. இந்த வீட்டில் போன கார்த்திகையில் அப்படி ஒரு தடவை நடந்திருக்கிறது. ஃபேன் புஷ்ஷின் எண்ணெய் பிசினாகத் தொடங்கியது அன்றைக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அதற்குப் பிறகுதான் ஃபேன் சத்தம் மாறியது என்று வீட்டம்மா நினைவுகூர்ந்தார். "என்னமோ கரகரன்னு கேக்கும் தம்பி, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்" என்றார். கிளீனிங் போடும் நாளுக்கு முந்தின நாள் மின்தடை அறிவிப்பைப் பார்ப்பது இப்போது அந்த வீட்டு நடைமுறை. எதிர்பாராமல் கரண்ட் போனால் மேல் டிராயரையும் பக்கத்துக் கதவுகளையும் திறந்துவிட வேண்டும். கரண்ட் திரும்பியதும் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். கதவு ஆறிய பிறகு திறக்கும்.

ஃபேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேல்மூடி திறந்து பிரஷ்ஷும் வாக்குவமும். பேக்கிங் தொழில் இல்லாத வீட்டுக்கு இரண்டு வருஷம் போதும். இடையில் மாதம் ஒரு தடவை தினத்தாள் கீற்றுச் சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மே மாத நடுவில், சமையலறை 37 டிகிரியாக இருந்த பகலில், வேண்டுமென்றே ஒரு முழுக் கிளீனிங் ஓட்டிப் பார்க்கப்பட்டது. இரண்டு மணி நேரம். உள்ளறை 476-க்கும் 483-க்கும் நடுவே நின்றது; வில்லைப் பக்கம் உச்சம் 74. தினத்தாள் கீற்று பிளவின் இரு பாதியிலும் ஒன்றுபோல் தூக்கியது. கொப்பளித்த மைக்காவை மட்டும் இன்னும் மாற்றவில்லை; ஆடி கழிந்து ஆசாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.